பகலில் சும்மா இருப்பவன்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான் அந்தப் பையன். வெளியே குற்றாலச் சாரல். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. உள்ளே இருக்கிற முகம் தெரியவில்லை.

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து ஒன்று வேண்டும் என்றான். எடுத்து வைத்தேன். பிறகு கொஞ்சம் குனிந்து, ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி, ஓர் அட்டை கிடைக்குமா என்று கேட்டான். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மாத்திரை அது.

முதலில் பிடிபடாத குரல் இப்போது பிடிபட்டுவிட்டது. மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

“குமாரா?” என்று கேட்டு முகக்கவசத்தை இறக்கினேன்.

அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். என் கொழுந்தன். என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி.

“மைனி... நீங்க இங்கன எப்படி?”

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேலை பார்த்தது தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில். அதே முதலாளிக்குக் குற்றாலம் ரோட்டில் இன்னொரு கடை உண்டு. அங்கே இருந்த பெண் அன்று லீவு போட்டதால் என்னை அனுப்பியிருந்தார். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பான்.

மாத்திரை யாருக்கு என்று கேட்டேன். சொட்டு மருந்தைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அடுத்த ஆள் நீட்டிய சீட்டை நான் வாங்கவில்லை.

சொட்டு மருந்து வாங்குகிறவர்கள்

மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஆள் கேட்கிற மருந்தை வைத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்குகிற பெண் அதோடு தேவையே இல்லாமல் இருமல் மிட்டாயும் வாங்குவாள். இதையெல்லாம் சிரிப்பாக இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரச் சங்கதி அப்படிப்பட்டது இல்லை.

கண் சொட்டு மருந்தைப் பெரும்பாலும் வயதானவர்கள் வாங்குவார்கள். இல்லையென்றால் கண்வலி பரவுகிற காலத்தில் எல்லாரும் வாங்குவார்கள். ஆனால் நான் சொல்லுகிற அந்த வருஷங்களில் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் வந்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். போதையால் வந்த சிவப்பு கண்ணில் தெரியக்கூடாது. வீட்டுக்குப் போனால் அம்மா பார்ப்பாள். அதற்குத்தான்.

எல்லாரும் படித்த பையன்கள். மருந்தின் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிப்பார்கள். கூடவே கேட்கிற வலி மாத்திரை இல்லை என்றால் சண்டை போடமாட்டார்கள். “சரிக்கா” என்று மரியாதையாகப் போய்விடுவார்கள். இதில் யார் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டே பாக்கிச் சில்லறை கொடுப்பேன். எங்கள் வீட்டுப் பிள்ளை அதில் இருப்பான் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். என் மாமியார் நம்பவில்லை. கண் எரிகிறது என்று மருந்து வாங்க வந்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகப் புனலூர் வரைக்கும் மினி லாரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. தம்பி வந்து வண்டியை நிறுத்தியதும் நேரே போய் ஓர் அறை விட்டார்.

“ஏலே, அம்மா மேல சத்தியம் பண்ணு.”

அவன் பண்ணினான். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியானார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து அவனுக்குப் போன் பண்ண ஆரம்பித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவன் எடுக்காவிட்டால் அத்தைக்குப் போடுவேன். அவள் எடுத்து, அவன் தூங்குகிறான் என்பாள். எந்த மாதிரித் தூக்கம் என்று நான் எப்படிக் கேட்பது?

கல்யாண வீடுகளுக்கு வராதவன்

இதை எழுதலாமா என்று குமாரிடமே கேட்டேன். “எழுதுங்க மைனி, பேர மட்டும் மாத்திருங்க” என்றான். எனவே குமார் என்பது நான் வைத்த பெயர்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அந்த வீட்டில் என்னோடு முதலில் சிநேகமானவன் அவன்தான். மிக்ஸி, மோட்டார், கிரைண்டர் எது நின்றாலும் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். தாத்தா காலத்து வயல் கொஞ்சம் இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டு, அந்த வரும்படியோடு அண்ணன் லாரி ஓட்டி அவனைப் படிக்க வைத்தார்.

படிப்பு முடிந்து சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போனான். ஒப்பந்தம் முடிந்ததும் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கோயம்புத்தூர் கொஞ்ச காலம். பிறகு ஊருக்கே வந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றான். படிக்கவும் செய்தான். ஒரு தேர்வு தள்ளிப்போனது, இன்னொன்றில் கொஞ்சத்தில் தவறிவிட்டான். புத்தகங்கள் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஏறிக்கொண்டே போயின.

முதலில் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினான். பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது ஒரு அண்ணாச்சி, “தம்பி இப்ப என்ன பண்ணுதாரு?” என்பார். நல்ல மனசோடுதான் கேட்பார். குமார் இலையைப் பார்த்துக்கொண்டு “படிக்கேன்” என்பான். நாலைந்து கல்யாணத்துக்கு அந்தப் பதில் தாங்கியது. அப்புறம் வயிற்றுவலி, தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டான். பிறகு எங்கள் தெரு வழியாகப் போவதையும் விட்டுவிட்டு, பின்பக்கம் வாய்க்கால் பாதையில் போய்க் குளத்தங்கரை ஏற ஆரம்பித்தான். அங்கே அவனை மாதிரியே நாலைந்து பேர் இருந்தார்கள்.

இடையில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு நானும் சுரண்டையில் எங்கள் வீட்டில் பல மாதம் சும்மா இருந்திருக்கிறேன். எழுந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழத் தோன்றும். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன். ஆனால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எனக்கு வேலை இல்லாததை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள் என்று அம்மா சொன்னது அவர்களுக்கு நல்ல பதிலாகவே பட்டது. குமார் வீட்டில் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

என் மாமியாருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருந்தது. வேலை கிடைத்தால் சரியாகிவிடும். நானும் அதை முக்கால்வாசி நம்பினேன்.

திருமலைப் படி

வேலை கிடைத்துவிட்டது.

கொல்லத்தில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் ஐஸ் ஆலையில் மெஷின் மேற்பார்வை. என் வீட்டுக்காரர் லோடு இறக்குகிற இடத்தில் பழக்கமான ஒருவர் மூலமாக வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அத்தை அழுதேவிட்டாள். பண்பொழி திருமலைக்கோவிலுக்கு எல்லாரும் படி ஏறி வருவதாக வேண்டியிருந்தாளாம். மேலே வரைக்கும் கார் போகிற ரோடு இருந்தாலும், வேண்டுதல் வேண்டுதல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம்.

நல்ல குளிர்காற்று. படியெல்லாம் நிழல். அத்தையும் என் வீட்டுக்காரரும் முன்னால் ஏறிப் போனார்கள். குமார் பின்தங்கிக்கொண்டே வந்தான். திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க வேர்வை. கையில் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. விடாமல் கொட்டாவி விட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாத்திரை கிடைக்காத உடம்பு இது என்று.

ஒரு படியில் உட்கார்ந்துவிட்டான். கால் இரண்டும் நிலைகொள்ளவில்லை. நீட்டினான், மடக்கினான். கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களைத் தாண்டி ஏறிப் போனவர்கள் மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். குளத்தங்கரையில் முதலில் கஞ்சா. பிறகு யாரோ மாத்திரை கொண்டுவந்தார்கள். அண்ணனிடம் சத்தியம் பண்ணிய பிறகு சில நாள் விட்டுப் பார்த்தானாம். உடம்பு விடவில்லை. இதையெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னான். ஏன் ஆரம்பித்தாய் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

“பகல்தான் மைனி கஷ்டம். ராத்திரி எல்லாருந்தான் சும்மா இருக்காவ. பகல்ல நான் மட்டுந்தான சும்மா இருக்கேன். அதப் போட்டா நேரம் போறது தெரியாது.”

சரி, நாளையிலிருந்து வேலை இருக்கிறதே என்றேன். அவன் சிரித்த மாதிரி இருந்தது.

“போட்டாத்தான் மைனி நாளைக்கு எந்திரிக்கவே முடியும். போட்டுட்டு மெஷின் பக்கத்துல நிக்க முடியாது. நான் எப்படிப் போவேன்?”

வருஷக்கணக்காக நாங்கள் காத்திருந்த ஒன்று வந்து நிற்கிறது. அதைத் தொட முடியாத நிலையில் அவன் இருக்கிறான். மேலேயிருந்து அத்தை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்தப் படியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். நாளைக்குக் கொல்லம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன்.

சந்நிதியில் அத்தை அவன் நெற்றியில் விபூதி பூசினாள். வேர்வையில் அது நிற்கவில்லை. பிள்ளை படி ஏறிக் களைத்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பூசினாள்.

சாரமில்ல

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் நான் உட்கார்ந்திருக்கிற இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

“வேலை கையில வந்து நிக்கிற நேரத்துல எதுக்குட்டி இப்படிப் பேசுத? போய்ச் சேந்தாம்னா எல்லாம் தன்னால போயிரும்.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த ஒரு வாசல்தான் தெரிந்தது, அதை நான் சாத்துகிறேன். வந்தவளுக்கு வீட்டுப் பிள்ளை மேல் என்ன அக்கறை இருக்கும் என்றுகூடச் சொன்னாள். குமார் சுவரோரம் நின்று, மைனி சொல்வது நிஜம் என்றான். அத்தை எழுந்தாள். உள்ளே போய், அவனுக்காக எடுத்து வைத்திருந்த பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்க்கவே இல்லை. வரவில்லை என்று போன் பண்ண வேண்டுமானால் நீயே பண்ணிக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்தான் பண்ணினேன். என்னென்னவோ காரணம் யோசித்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லை என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் இருந்தவர், “சாரமில்ல, வேறே ஆளுண்டு” என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டார். பரவாயில்லை, வேறு ஆள் இருக்கிறார்களாம். அத்தனை வருஷம் எங்கள் வீடு முழுக்க நிறைந்து நின்ற அந்த வேலை, இரண்டு வார்த்தையில் இன்னொருவனுக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மனநலம் என்ற பலகையைப் பார்த்ததும் அவன் கால் தயங்கியது. உள்ளே இருந்த டாக்டரம்மா, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், மதியம் எங்கே இருப்பீர்கள், கூட யார் இருப்பார்கள் என்றுதான் கேட்டார். அவன் முதலில் முனகினான், பிறகு பேச ஆரம்பித்துவிட்டான். திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது, இங்கேயே தங்கிப் படிப்படியாகத்தான் விடவேண்டும் என்றார் டாக்டர். சேர்த்துவிட்டு வந்தேன்.

வேலை இல்லாததால் இதில் விழுந்தானா, இதில் விழுந்ததால் இனி வேலைக்கு ஆகமாட்டானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசு ஓடும். டாக்டரிடமே கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்றார். உடம்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பகல் பொழுதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அருவி வற்றியபோது

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தான். முகத்தில் சதை பிடித்திருந்தது. அத்தை பழையபடி அவனுக்கு முதல் தோசை போட ஆரம்பித்தாள். அண்ணன் மட்டும் பேசவில்லை. அவன் இருக்கிற அறைக்குள் வந்தால் வந்த காரியத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தான். சீசன் என்றால் எங்கள் ஊரில் சும்மா இருக்கிறவன் என்று யாரும் இல்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள், வண்டி நிறுத்த டோக்கன் கொடுக்கிறவர்கள், பழக்கடைக்காரர்கள், ரூம் பையன்கள் என்று படித்தவன் படிக்காதவன் எல்லாரும் ஈரத் துணியோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். குமாரும் ஓடினான். ரூம் சாவி கொடுத்தான், வெந்நீர் மோட்டாரைச் சரிபண்ணினான். மதியம் நான் போன் பண்ணினால் பேச நேரமில்லை என்று வைத்துவிடுவான். அந்தக் கோபக் குரலைக் கேட்பதற்காகவே போன் பண்ணுவேன்.

சாரல் நின்றது. அருவி நூலாகி, பாறை தெரிந்தது. லாட்ஜ்காரர் அடுத்த சீசனுக்கு வா என்று நல்லபடியாகச் சொல்லித்தான் அனுப்பினார். மறுபடியும் அந்தப் பகல்கள். வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன், கேட்காவிட்டால் போனை எடுப்பேன். கடையில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்து ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்தேன்.

ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில், பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு வந்தான். கூட்டம் போகிற வரைக்கும் ஓரமாக நின்றான். பிறகு கவுண்டருக்கு முன்னால் வந்தான். குற்றாலம் ரோட்டுக் கடையில் அவன் நின்ற அதே தூரம்.

“நேத்து போட்டுட்டேன் மைனி. திரும்பக் கூட்டிட்டுப் போங்க” என்றான்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆனால் அவன் என்னிடம் நேரே வந்துவிட்டானே என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்படியே ஆட்டோ பிடித்தேன். திரும்ப விழுவது நடக்கக்கூடியதுதான், தானாக வந்தது பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். அதை வீட்டில் சொன்னேன். அத்தை தலையாட்டினாள். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இந்தத் தடவை அவன் திரும்பி வந்த சில நாளில், அவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நாளைக்கு லோடுக்கு ஆளு இல்ல. அவன வரச்சொல்லு.” அவன் அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருந்தான்.

புளியறை செக்போஸ்ட்

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். விடிந்ததும் சந்தை. தக்காளிப் பெட்டி, கத்தரிக்காய் மூட்டை. பிறகு மலைப்பாதை. மதியம் புனலூரில் இறக்குகிறபோது குமாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சுருண்டுவிடுவான். இன்ஜினியர் மூட்டை தூக்குகிறார் என்று தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அவன் காதில் விழுந்ததா என்று நான் கேட்டதில்லை.

வண்டியில் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். “லோடப் பத்திப் பேசுவோம்” என்றான். கயிற்றை இறுக்கு, பின்னால் பார்த்துச் சொல், அவ்வளவுதானாம். மாதக்கணக்கில் அவ்வளவுதான்.

அடுத்த சாரல் வந்தது. புனலூரில் என் பெரியம்மா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று அன்றைக்கு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கில், நான் நடுவில், குமார் இடதுபக்க ஜன்னலோரம். செங்கோட்டை தாண்டும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பிறகு எனக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது.

கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அன்றைக்குச் சோதனை கொஞ்சம் கடுமை. கஞ்சா போகிறது என்று தகவலாம். மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரரை அவருக்கு முகம் தெரியும். என்னையும் மனைவி என்று புரிந்துகொண்டார். குமாரைப் பார்த்ததும் நின்றார். வெளிறிப்போன இளவயது முகம். அப்படிப்பட்ட முகங்களைத்தான் அவர் அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

“இது யாரு? தம்பி என்ன பண்ணுதாரு?”

பந்தியில் கேட்கிற அதே கேள்வி. குமாரின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. அது இறுகியதை உணர்ந்தேன். அவன் வாயைத் திறந்தான்.

“என் தம்பி சார்” என்றார் என் வீட்டுக்காரர். “எங்கூடத்தான் வேலை பாக்கான்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். கண்ணாடித் துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போலீஸ்காரர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். கியர் விழுந்து வண்டி மேட்டில் ஏறியது.

முதல் வளைவு தாண்டியதும் குமார் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான்.

“சாரல் அடிக்கி மைனி” என்றான்.

அவன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மேலே ஏற்றித்தான் இருந்தது.